ஆங்கில இலக்கியம் நம் பிள்ளைகளுக்கு எதற்கு?

(நமது அறக்கட்டளையின் கல்வி உதவித்தொகை வழங்கும் கூட்டத்தில், பிளஸ் ஒன், பிளஸ் டூ மாணவர்களுக்கும் பெற்றோருக்கும் செயலாளர் ஆற்றிய உரை)





எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. வழக்கமாக இந்தக் கூட்டத்தில் வரவு செலவுக் கணக்கை வாசித்து, உதவி பெறுவோரின் பெயர்களைச் சொல்லி முடித்துக்கொள்வோம். இம்முறை கணக்கை அச்சிட்டு உங்கள் கையிலேயே கொடுத்துவிட்டோம். மிச்சமாகும் நேரத்தில் வேறொரு விஷயம் பேச அனுமதி தாருங்கள். நாங்கள் செய்த ஒரு தவறிலிருந்து அதைத் தொடங்க வேண்டியிருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் ஸ்ரீரங்கம் பக்கமிருந்து ஒரு தாயும் மகளும் நமது அலுவலகத்திற்கு வந்தார்கள். அத்தா மவுத்தாகிவிட்ட பிள்ளை. தாயார் தையல் வேலை செய்து குடும்பத்தைப் பார்க்கிறவர். பிள்ளை பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண். மற்ற எல்லாப் பாடத்தையும்விட ஆங்கிலத்தில் கூடுதல். விண்ணப்பத்தில் பி.ஏ. ஆங்கில இலக்கியம் என்று எழுதியிருந்தது. நேர்காணலில் உட்கார்ந்திருந்தவர்கள் நாங்கள் நான்கு பேர். "இங்கிலீஷ் லிட்ரேச்சர் படிச்சு என்னம்மா செய்யப் போறே? கதையும் கவிதையும் சோறு போடுமா? பி.காம்.னு மாத்தி எழுதிக் கொடும்மா, பணத்துக்கு நாங்க பொறுப்பு" என்றோம். பிள்ளை தாயைப் பார்த்தது. தாயார் எங்களைப் பார்த்தார். பேனாவை வாங்கி, எழுதியதை அடித்து, பி.காம். என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

எங்கள் மனதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. ஜகாத்தும் ஸதகாவும் அமானிதம். வேலைக்கு உதவாத படிப்புக்கு அதைச் செலவழிக்கக் கூடாது என்றுதான் நினைத்தோம். ஆனால் பி.காம். அந்தப் பிள்ளைக்கு ஒத்துவரவில்லை. அரியர் மேல் அரியர் சேர்ந்து, இரண்டாம் ஆண்டு நடுவிலேயே படிப்பு நின்றுவிட்டது. சென்ற ஆண்டு அதே பிள்ளை தன் தம்பியை அழைத்துக்கொண்டு வந்தது. தம்பியின் விண்ணப்பத்தை மேசைமேல் வைத்து, "மாமா, என்ன படிக்கணும்னு இவன்கிட்டயே கேளுங்க" என்று மட்டும் சொன்னது. கோபமாகச் சொல்லவில்லை. எங்களில் ஒருவருக்கும் பதில் வரவில்லை. அன்றிலிருந்து கமிட்டியில் இதைப் பற்றிப் பலமுறை பேசியிருக்கிறோம். பேசியதன் சாரத்தைத்தான் உங்கள் முன் வைக்கிறோம்.

எல்லாப் பிள்ளைகளும் படிக்கும் இலக்கியம்

இங்கிலாந்தில் பிளஸ் டூவுக்கு நிகரான ஏ லெவல் படிப்பில் மூன்று நான்கு பாடங்களை மட்டும் எடுத்து இரண்டு ஆண்டு ஆழமாகப் படிப்பார்கள். அதில் ஆங்கில இலக்கியம் ஒரு தனிப்பாடம். இலங்கையிலும் உயர்தரப் பரீட்சைக்கு ஆங்கிலத்தைத் தனிப்பாடமாக எடுத்து நாடகம், நாவல், கவிதை படிக்கலாம். நம் தமிழ்நாட்டு பிளஸ் டூவில் அப்படித் தனியாக இல்லை. ஆனால் எந்த குரூப் எடுத்தாலும் ஆங்கிலம் கட்டாயம். 2018, 2019 ஆண்டுகளில் வந்த புதிய பாடநூல்களைத் திறந்து பாருங்கள். ஷேக்ஸ்பியர் இருக்கிறார், வேர்ட்ஸ்வொர்த், டென்னிசன் இருக்கிறார்கள், வங்காளத்துப் பெண் கவிஞர் தோரு தத் இருக்கிறார். நம் கரிசல்காட்டு கி. ராஜநாராயணனின் கதை ஆங்கிலத்தில் இருக்கிறது. டால்ஸ்டாயும் ஓ ஹென்றியும் இருக்கிறார்கள். அதாவது டாக்டராகப் போகிற பிள்ளையும், அக்கவுண்டண்ட் ஆகப் போகிற பிள்ளையும் இரண்டு ஆண்டு இலக்கியம் படிக்கத்தான் செய்கிறார்கள்.

எப்படிப் படிக்கிறார்கள் என்பதில்தான் குறை. கடைத்தெருவில் கைடு வாங்குகிறோம். பாடத்தைத் திறக்காமலே கைடில் உள்ள பத்தியை மனப்பாடம் செய்கிறார்கள். எழுத்துத் தேர்வு 90 மதிப்பெண்ணுக்கு, அகமதிப்பீடு 10. மனப்பாடத்தில் அதைக் கடந்துவிடலாம். ஆனால் கல்லூரியில் முதல் மாதமே பேராசிரியர் ஒரு பக்கத்தைக் கொடுத்து "இதில் ஆசிரியர் என்ன சொல்கிறார்?" என்று கேட்டால் பிள்ளை வாயடைத்து நிற்கிறது. கைடில் இல்லாத கேள்வி அது.

மார்க்கம் என்ன சொல்கிறது?

சில பெற்றோர் எங்களிடம் தனியாகக் கேட்பதுண்டு: "ஹஜ்ரத், அந்தப் புத்தகத்துல காதல், மது, சிலுவை எல்லாம் வருதே, நம்ம பிள்ளைங்க படிக்கலாமா?" நியாயமான கவலைதான். இதற்கு நாங்கள் ஓதிய மதரஸாவிலிருந்தே பதில் சொல்கிறோம்.

அரபி மதரஸாக்களில் பல தலைமுறையாக ஓதப்படும் கிதாபுகளில் ஒன்று ஹரீரியின் மகாமாத். ஹரீரி பஸராவைச் சேர்ந்தவர். ஹிஜ்ரி ஆறாம் நூற்றாண்டில் வஃபாத்தானவர். அந்தக் கிதாபின் நாயகன் அபூ ஸைத் யார்? பேச்சால் மக்களை ஏமாற்றிப் பிழைக்கும் ஒரு எத்தன். முதல் மகாமாவில் ஊரே அழும்படி மறுமையைப் பற்றி பயான் செய்கிறான். காசை வாங்கிக்கொண்டு குகைக்குப் போய் மது வைத்துக்கொண்டு உட்காருகிறான். இதை நம் உஸ்தாதுமார்கள் வரி வரியாக நமக்கு ஓதிக் கொடுத்தார்கள். யாரும் ஏமாற்றுக்காரனாகி வெளியே வரவில்லை. பேச்சில் மயங்கிவிடாமல் பேசுகிறவனை எடைபோடக் கற்றுக்கொண்டு வந்தார்கள். இஸ்லாத்திற்கு முந்தைய அரபிகளின் முஅல்லகாத் கவிதைகளிலும் காதலும் மதுவும் உண்டு. குர்ஆன் இறங்கிய மொழியின் ஆழம் தெரிய வேண்டும் என்பதற்காக ஆலிம்கள் அவற்றையும் பாதுகாத்துப் படித்தார்கள்.

குர்ஆனில் கவிஞர்கள் என்ற பெயரிலேயே ஒரு சூரா இருக்கிறது. அதன் கடைசியில், சொல்வது ஒன்றும் செய்வது ஒன்றுமான கவிஞர்களைக் கண்டித்துவிட்டு, ஈமான் கொண்டு நற்செயல் செய்யும் கவிஞர்களுக்கு விலக்கும் சொல்லப்படுகிறது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஹஸ்ஸான் இப்னு ஸாபித் (ரலி) அவர்களின் கவிதையைக் கேட்டார்கள், அவர்களுக்காக துஆவும் செய்தார்கள். ஆகவே கவிதை கூடுமா கூடாதா என்ற ஒரே கேள்வியோடு நிறுத்திக்கொள்ள முடியாது. எதைப் படிக்கிறோம், எந்தக் கண்ணோடு படிக்கிறோம் என்பதையும் கேட்க வேண்டும். வயதுக்குப் பொருந்தாத புத்தகங்கள் உண்டு. அதைக் கவனிப்பது பெற்றோர் கடமை. ஆனால் கவனிக்க வேண்டுமானால் பிள்ளை என்ன படிக்கிறது என்று நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பிறர் இலக்கியம் படித்தால் நம் நம்பிக்கை ஆடிப்போகுமா? ஸ்ரீரங்கம் கோயிலில் தாயார் சன்னதிக்கு எதிரே கம்பர் மண்டபம் இருக்கிறது. கம்பர் தம் ராமாயணத்தை அங்கேதான் அரங்கேற்றினார் என்பது வழிவழியாகச் சொல்லப்படுவது. அந்தக் கம்பரை நம் காலத்தில் ஆழ்ந்து படித்து, ஊர் ஊராகப் பேசி, சென்னைக் கம்பன் கழகத்தை நிறுவியவர் நாகூரில் பிறந்த மு.மு. இஸ்மாயீல் அவர்கள். சென்னை உயர் நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாக இருந்தவர். சட்டப் புத்தகத்தைப் படிக்கும் கூர்மையோடு கவிதையைப் படித்தார் என்று தமிழறிந்தவர்கள் அவரை மதித்தார்கள். அவர் முஸ்லிமாகவே வாழ்ந்து முஸ்லிமாகவே மறைந்தார்.

மெயின் கார்டு கேட்டில் ஒரு மாணவர்

இன்னொருவர் நம் திருச்சியிலேயே படித்தவர். 1950-இல் ராமேஸ்வரத்திலிருந்து ஒரு படகுக்காரரின் மகன் செயின்ட் ஜோசப் கல்லூரிக்கு இன்டர்மீடியட் படிக்க வந்தார். அன்று பள்ளி இறுதித் தேர்வுக்குப் பிறகு இரண்டாண்டு இன்டர்மீடியட். இன்றைய பிளஸ் ஒன், பிளஸ் டூவுக்கு ஏறக்குறைய நிகர். பிறகு அங்கேயே பி.எஸ்சி. இயற்பியல். அவர் யார் என்று உங்களுக்கே தெரியும். டாக்டர் ஏ.பி.ஜே. அப்துல் கலாம்.

'அக்னிச் சிறகுகள்' நூலில் அந்த நான்கு ஆண்டுகளை நினைவுகூர்கிறார். விடுதி அறையில் அவரோடு தங்கியவர்கள் இருவர்: ஒருவர் ஸ்ரீரங்கத்து ஆசாரமான ஐயங்கார், மற்றவர் கேரளத்து சிரியன் கிறிஸ்தவர். மூவரும் சந்தோஷமாக இருந்ததாக எழுதுகிறார். அதே நூலில், கல்லூரியின் இறுதியாண்டில் தமக்கு ஆங்கில இலக்கியத்தில் ருசி ஏற்பட்டதையும் சொல்கிறார். டால்ஸ்டாய், வால்டர் ஸ்காட், தாமஸ் ஹார்டி ஆகியோரை விரும்பிப் படித்திருக்கிறார். அந்தக் கதைகள் நடக்கும் பனி நாடுகளை அவர் அதுவரை பார்த்ததில்லை. இருந்தும் படித்தார். பிறகு அவர் ராக்கெட் செய்தார் என்பது உலகம் அறிந்தது. இலக்கியம் படித்த நேரம் அவருக்கு வீணாகவில்லை.

எங்கள் பிள்ளைகளுக்கு நாங்கள் சொல்வது இதுதான்: சத்திரம் பேருந்து நிலையத்தில் இறங்கி அந்தக் கல்லூரிச் சுவரைக் கடந்து போகும்போதெல்லாம், நம்மைப் போல ஒரு பிள்ளை அதற்குள் உட்கார்ந்து ரஷ்யக் கதை படித்ததை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு கதையை எடுத்துப் பார்ப்போம்

அந்த டால்ஸ்டாயின் ஒரு கதை இப்போது பிளஸ் டூ பாடநூலில் துணைப்பாடமாக இருக்கிறது. இறைவன் உண்மையை அறிவான், ஆனால் காத்திருப்பான் என்பது தலைப்பின் பொருள். பெற்றோர்களும் கொஞ்சம் கேளுங்கள்.

அக்ஸியோனோவ் ஒரு இளம் வியாபாரி. சந்தைக்குப் போகிற வழியில் ஒரு விடுதியில் இன்னொரு வியாபாரியோடு தங்குகிறான். இரவில் அந்த வியாபாரி கொலை செய்யப்படுகிறான். இரத்தம் தோய்ந்த கத்தி இவன் பையில் கிடைக்கிறது. பார்க்க வந்த மனைவியே, "நீங்கதானே செய்தீங்க?" என்று கேட்டுவிடுகிறாள். அந்த நிமிடத்தில் அவன் மனிதர்களிடம் முறையிடுவதை விட்டுவிடுகிறான். சைபீரியாவில் 26 ஆண்டு சிறை. அங்கே புதிதாக வரும் ஒரு கைதிதான் உண்மையான கொலைகாரன் என்று தெரியவருகிறது. அவன் தப்பிக்கச் சுரங்கம் தோண்டி மாட்டிக்கொள்ளும் நிலையில், அக்ஸியோனோவ் ஒரு சொல் சொன்னால் போதும், பழி தீர்ந்துவிடும். அவன் சொல்லவில்லை. கொலைகாரன் காலில் விழுந்து அழுகிறான். குற்றத்தை ஒப்புக்கொள்கிறான். விடுதலை உத்தரவு வருவதற்குள் அக்ஸியோனோவ் இறந்துவிடுகிறான்.

கைடில் இதற்கு ஒரு பக்க விடை இருக்கிறது. கடைசியில் 'மன்னிப்பே சிறந்தது' என்று நீதி இருக்கும். பிள்ளை அதை எழுதிவிட்டு மறந்துவிடும். ஆனால் மூலத்தைப் படித்த ஒரு பிள்ளை எங்களிடம் கேட்டது: "யூசுஃப் நபியும் செய்யாத தப்புக்கு ஜெயிலுக்குப் போனாங்க. அவங்களும் மன்னிச்சாங்க. ஆனா அவங்க வெளியே வந்து மந்திரியானாங்க. இவர் ஏன் வெளியே வரலை?"

சுப்ஹானல்லாஹ்! இந்தக் கேள்விதான் இலக்கியக் கல்வி. குர்ஆன் 'மிக அழகிய வரலாறு' என்று சொல்லும் சூரா யூசுஃபை அந்தப் பிள்ளை இதுவரை ஓதியது ஒருவிதம். இனி ஓதப்போவது வேறுவிதம். யூசுஃப் (அலை) அவர்களுக்கு உலகத்திலேயே தீர்ப்பு கிடைத்தது. அக்ஸியோனோவுக்குக் கிடைக்கவில்லை, ஆனால் மன்னித்த இரவில் அவன் மனச்சுமை இறங்கிவிட்டது, வீட்டுக்குப் போகும் ஏக்கம்கூட நின்றுவிட்டது என்று டால்ஸ்டாய் எழுதுகிறார். உலகத்தில் தீர்ப்பே கிடைக்காத எத்தனை பேர் நம் தெருவில் இருக்கிறார்கள்! அவர்களுக்கு ஸப்ர் என்றால் என்ன என்று அந்தப் பிள்ளை யோசிக்கத் தொடங்கியிருக்கிறது.

இன்னொன்று பிளஸ் ஒன் பாடநூலில் உள்ள ஒரு சிறு நாடகம், செட்ரிக் மவுண்ட் எழுதியது. ஜாக், ஜில் என்ற இளம் தம்பதியின் வீட்டுக்கு அத்தை வருகிறார். வீடு, கார், மேசை, நாற்காலி எல்லாம் பளபளக்கிறது. விசாரித்தால் அத்தனையும் தவணை. வாரத் தவணைத் தொகை ஜாக்கின் வாரச் சம்பளத்தைவிட அதிகம். அதைக் கட்ட இன்னொரு கடன். கடைசியில், பிறந்த குழந்தைக்கே டாக்டருக்கு இன்னும் ஒரு தவணை பாக்கி! வகுப்பில் பிள்ளைகள் சிரிப்பார்கள். ஆனால் அடகுக்கடைச் சீட்டும், வண்டித் தவணைக் குறுஞ்செய்தியும் இல்லாத வீடு நம்மில் எத்தனை? வட்டி கூடாது என்று நாங்கள் ஒரு மணி நேரம் பயான் செய்வதைவிட, இந்த நாடகத்தை வீட்டில் உட்கார்ந்து பிள்ளை தமிழில் சொல்லக் கேட்டால் அத்தாமார்களுக்கு உறைக்கும்.

சோறு போடுமா?

அன்று நாங்கள் கேட்ட கேள்விக்கு இப்போது நாங்களே பதில் சொல்கிறோம். பி.ஏ. ஆங்கிலத்துடன் இரண்டாண்டு பி.எட். முடித்து, தகுதித் தேர்வில் தேறினால் பட்டதாரி ஆசிரியர் பணிக்குப் போட்டியிடலாம். எம்.ஏ., பி.எட். இருந்தால் ஆசிரியர் தேர்வு வாரியம் மூலம் மேல்நிலைப் பள்ளி முதுகலை ஆசிரியர். எம்.ஏ.வில் 55 சதவீதம் எடுத்து நெட் அல்லது செட் தேறினால் கல்லூரி உதவிப் பேராசிரியர் பணிக்குத் தகுதி. எந்தப் பட்டத்திற்குப் பிறகும் மூன்றாண்டு சட்டம் படிக்கலாம். அரசு சட்டக் கல்லூரி நம் திருச்சியிலேயே இருக்கிறது. சட்டம் என்பதே வாசகத்தின் பொருளைப் பிரித்துப் பார்க்கும் வேலை. அரசுப் போட்டித் தேர்வுகள், மொழிபெயர்ப்பு, பத்திரிகை என்று மற்ற வழிகளும் உண்டு. எதுவும் தானாகக் கிடைக்காது, பி.காம். படித்தால் மட்டும் தானாகக் கிடைக்கிறதா?

படிக்க ஊரைவிட்டுப் போக வேண்டியதும் இல்லை. செயின்ட் ஜோசப், ஹோலி கிராஸ், பிஷப் ஹீபர், காஜாமலையில் தந்தை பெரியார் அரசுக் கல்லூரி எல்லாம் பஸ் தூரத்தில் இருக்கின்றன. 1951-இல் ஜமால் முகமது சாஹிபும் காஜாமியான் ராவுத்தரும் சேர்ந்து நிறுவிய ஜமால் முகமது கல்லூரியும் இங்கே இருக்கிறது. அந்தப் பெரியவர்கள் கல்லூரி கட்டியபோது கலைப் பாடம் வேண்டாம் என்று சொல்லவில்லை. அரசுப் பள்ளியிலோ, அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியிலோ ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த பெண் பிள்ளைகளுக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும், ஆண் பிள்ளைகளுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வருகிறது. கலைப் படிப்புக்கும் அது உண்டு.

இதற்காக எல்லாரும் இலக்கியம் எடுங்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. விருப்பமில்லாத பிள்ளையை இலக்கியத்தில் தள்ளினால், முன்பு செய்த அதே தவறைத் திருப்பிச் செய்ததாக ஆகும்.

இனி நாம் செய்ய வேண்டியது

கமிட்டி மூன்று முடிவுகள் எடுத்திருக்கிறது. ஒன்று, இந்த ஆண்டு முதல் உதவித்தொகைக்குப் பாடப் பாகுபாடு கிடையாது. குடும்பத்தின் தேவையும் பிள்ளையின் விருப்பமும் உழைப்பும்தான் கணக்கு. இரண்டு, இன்ஷா அல்லாஹ், ஞாயிறுதோறும் அஸருக்குப் பிறகு ஆங்கில வாசிப்பு மஜ்லிஸ் நடக்கும். திருச்சியில் நமது அலுவலகத்தில் ஒன்று. பிள்ளைகள் இருட்டிய பிறகு காவிரிப் பாலம் கடந்து திரும்ப வேண்டாம் என்பதற்காக ஸ்ரீரங்கத்தில் ஒன்று. பெண் பிள்ளைகளுக்குத் தனி இடவசதி உண்டு. மூன்று, ஆங்கில அகராதிகளும் கதைப் புத்தகங்களும் வாங்கி வைக்கிறோம். பயன்படுத்திய நல்ல புத்தகம் உங்கள் வீட்டில் இருந்தால் கொடுங்கள். அதுவும் ஸதகா ஜாரியாதான்.

மஜ்லிஸில் எப்படிப் படிப்பது? நம் உஸ்தாதுமார்கள் ஓதிக் கொடுத்த அதே முறைதான். முதலில் மூலத்தை வாய்விட்டு வாசிப்பது. பிறகு சொல்லுக்குச் சொல் பொருள். பிறகு இந்தச் சொல் இங்கே ஏன் வந்தது, வேறு சொல் போட்டால் என்ன குறையும் என்ற கேள்வி. பலாகத் பாடத்தில் தஷ்பீஹ், இஸ்திஆரா என்று உவமையையும் உருவகத்தையும் படித்தோமே, அதையேதான் ஆங்கிலக் கவிதையிலும் தேடப்போகிறோம். ஷரஹைப் பார்ப்பது அதற்குப் பிறகுதான். கைடும் அப்படித்தான், கடைசியில் பார்க்கலாம். விடையைப் பிள்ளை தன் சொந்த வாக்கியத்தில் எழுதட்டும். பிழை வந்தால் வரட்டும், திருத்திக்கொள்ளலாம்.

தாய்மார்களே, உங்களுக்கு ஆங்கிலம் தெரிய வேண்டும் என்பதில்லை. இரவு சாப்பாட்டு நேரத்தில் "இன்னிக்கு என்ன கதை படிச்சே, எனக்குச் சொல்லு" என்று கேளுங்கள். தமிழில் சொல்ல முடிந்தால் பிள்ளைக்குப் புரிந்திருக்கிறது. சொல்லத் தெரியாவிட்டால் இன்னொரு முறை வாசிக்கச் சொல்லுங்கள். கதையில் உங்களுக்குப் பிடிக்காதது வந்தால் அதையும் அங்கேயே பேசுங்கள். மறைத்துப் படிப்பதைவிட வீட்டில் பேசிப் படிப்பது நல்லது.

முடிக்கும் முன் அந்தப் பிள்ளையைப் பற்றி ஒரு வார்த்தை. தம்பி வேதியியல் கேட்டான். அதற்கே உதவித்தொகை கொடுத்தோம். அக்காவிடம் நாங்கள் மன்னிப்புக் கேட்டோம். திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பி.ஏ. ஆங்கிலம் சேர இப்போது விண்ணப்பம் கொடுத்திருக்கிறது. கட்டணம் நமது பொறுப்பு. போன நான்கைந்து ஆண்டுகளை எங்களால் திருப்பித் தர முடியாது. ஸ்ரீரங்கம் மஜ்லிஸில் சின்னப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்ட முடியுமா என்று கேட்டோம். "முதல்ல நான் பரீட்சை எழுதிக்கிறேன் மாமா, அப்புறம் வர்றேன்" என்றது. காத்திருக்கிறோம்.

நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியையும், நமக்கு அவர்கள் சொல்வதைக் கேட்கும் மனதையும் அல்லாஹ் தந்தருள்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.